கஞ்சா வேர் எண்ணெய்: மருந்தோ, ஏமாத்தோ?

பாலைப்பழம் (மல்லாவி):
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு சிக்குன்குனியா வந்து காய்ச்சல் எப்பவோ விட்டிட்டுது, ஆனா முழங்காலும் கைமொழியும் இன்னும் விட்டபாடில்ல, காலமை எழும்பினா விரலை மடக்க ஏலாது, தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலயும் தான் பிடிக்கிறா. கிளினிக்கில தந்த குளிசை போட்டா வயித்தெரிவு. இப்ப எங்கட வைபர் குரூப்பில ஒராள் "கஞ்சா வேர் எண்ணெய்" எண்டு விக்கிறார், 60 மில்லிச் சின்னப் போத்தில் 3500 ரூபா. இலையும் இல்ல பூவும் இல்ல வெறும் வேர் தான், வெறிக்காது, சித்தர் காலத்து மருந்து, கனடாவிலயும் இப்ப ஆராய்ச்சி செய்யினம் எண்டு பெரிய கதை. பூசவும் சொல்லுறார், அரைக் கரண்டி குடிக்கவும் சொல்லுறார். உதில உண்மை ஏதும் இருக்கோ? பொலிஸ் பிரச்சினை வருமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, பகிடி விடுற ஆக்கள் தயவுசெய்து வேற பக்கம் போங்கோ.

ரொறன்ரோக்காரன்:
தம்பி, வேரைப் பற்றி அவர் சொன்னதில முக்கால்வாசி உண்மை. இஞ்ச கனடாவில 2018 ஒக்டோபர் 17இல கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினவை, அந்தச் சட்டத்தின்ர ரெண்டாவது அட்டவணையை எடுத்துப் பாத்தா வேரும் வேரின்ர எந்தப் பகுதியும் "கஞ்சா" எண்ட கணக்கிலயே வராது எண்டு எழுதியிருக்கு. ஏனெண்டா வெறிக்கிற சாமான் அதில இல்ல. ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம், நானும் பின் வளவில வைக்கிறனான், பூவை வெட்டினாப் பிறகு சனம் வேரைக் குப்பையில எறியும், நான் கழுவிக் காயவைச்சு எண்ணெயில ஊறப்போட்டு முழங்காலுக்குப் பூசுறன். சுகமாத்தான் இருக்கு.

இது புதுக்கதையும் இல்ல. ரோமாபுரிப் பிளினி, கி.பி. 79இல வெசூவியஸ் எரிமலை வெடிக்கேக்க செத்தவர், அவரே எழுதி வைச்சிருக்கிறார், வேரைத் தண்ணியில அவிச்சு வைச்சா இறுகிப்போன மூட்டும் கவுட் எண்ட மூட்டு வீக்க வலியும் இளகும் எண்டு, சுட்ட புண்ணுக்குப் பச்சையா வைச்சு காயமுதல் மாத்தோணும் எண்டும். 1600களில இங்கிலாந்தில கல்பெப்பர், பார்க்கின்சன் எண்ட மூலிகைக்காரரும் அதையே தான் சொல்லுகினம், கவுட், இடுப்பு வலி, நரம்பு வலி. சீனாக்காரர் பிள்ளைப்பேறுக்குப் பிறகு ரத்தம் நிக்காட்டி வேர்ச்சாறு குடுத்திருக்கினம். ஒருத்தரை ஒருத்தர் கண்டிராத ஆக்கள் எல்லாரும் ஒண்டையே சொன்னா அதில ஏதோ இருக்கோணும்.

நைட்டியூட்டி:
நான் வன்னியில ஒரு ஆசுப்பத்திரியில நேர்ஸ். பாலைப்பழம், குடிக்கக் குடுக்காதேங்கோ. முதல் வேலையா இதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைக் கதைக்கிறன்.

ரொறன்ரோ அண்ணை, கல்பெப்பரும் பார்க்கின்சனும் ஒருத்தரை ஒருத்தர் காணாட்டியும் ரெண்டு பேரும் பழைய கிரேக்க ரோமப் புத்தகங்களைப் பாத்து எழுதின ஆக்கள். அப்ப சாட்சி மூண்டு இல்ல, ஒண்டு தான், மூண்டு தரம் சொல்லியிருக்கு. மற்றது பிளினி அதே பந்தியில கஞ்சா விதைச் சாறு காதுக்குள்ள போன பூச்சியைக் கலைக்கும் எண்டும், விதை ஆம்பிளையளின்ர விந்தை வத்தப் பண்ணும் எண்டும் எழுதியிருக்கிறார். அதையும் எடுத்துக்கொண்டு வந்து இதில போடுங்கோவன், ஏன் முழங்காலை மட்டும் போட்டனீங்கள்?

ரொறன்ரோக்காரன்:
தங்கச்சி சூடா இருக்கிறா. பிளினி ஒரு விசயத்தில பிழை விட்டா எல்லாத்திலயும் பிழையோ? வில்லோ மரப்பட்டையை வலிக்கு எண்டு ஆதியில சொன்னவையும் கன பேய்க்கதை சொன்னவை தான், அந்த வழியில வந்தது தான் இண்டைக்கு நீங்கள் வார்ட்டில குடுக்கிற அஸ்பிரின்.

நைட்டியூட்டி:
ஓம், அந்தப் பட்டையில இருந்து அஸ்பிரின் வர எத்தினை நூறு வருசம் போச்சு எண்டும் சொல்லுங்கோ. இடையில ஒராள் அதை அளந்து, சோதிச்சு, வயித்தை முந்தின அளவுக்கு அரிக்காத மாதிரி மாத்தினவர். வைபரில வித்தவர் இல்ல.

முதிரைக்கட்டை (நெடுங்கேணி):
பிள்ளையள், நான் கிழவன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ, போனில தட்டுறன். என்ர இடது காலில எறிகணைச் செல் துண்டு இப்பவும் கிடக்கு, எடுத்தா நரம்பு போயிடும் எண்டு விட்டவை, மாரிக்கு மேகம் கறுத்தா எனக்கு முதல்ல கால் சொல்லும். இந்த இங்கிலீசு வைத்தியம் எனக்கு என்ன தந்தது? டைக்குளோபினாக். ஊசியும் டைக்குளோபினாக், குளிசையும் டைக்குளோபினாக், பூசுற ஜெல்லும் டைக்குளோபினாக். எங்கட செட்டிகுளம் பக்கம், அங்கால மதவாச்சி, பதவியா எல்லாம் கிட்னி பழுதாகிச் சனம் கிழமைக்கு மூண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்க ஓடுது, அந்தச் சனத்துக்கும் வலி எண்டு போனா உதைத் தான் பார்மசியில டொக்டர் துண்டும் கேக்காமத் தூக்கிக் குடுக்கிறாங்கள். அதைப் பற்றி ஆர் கதைக்கிறியள்? வேர் எண்ட உடன எல்லாரும் பாய்ஞ்சு விழுறியள்.

2009இல பனடோல் ஒண்டுக்கு வழியில்லாத நேரம் எங்களைப் பாத்தது நொச்சியிலையும் வேப்பெண்ணெயும் தான். எங்கட அப்பு காலத்தில மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால ரெண்டு மூண்டு கஞ்சாச் செடி நிண்டது, மாட்டுக்கு வயித்தோட்டம் எண்டா இலையைக் கசக்கிப் பருத்துவார், ஆரும் வந்து பிடிச்சுக்கொண்டு போகேல்ல.

நைட்டியூட்டி:
ஐயா, டைக்குளோபினாக் விசயத்தில நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, கிட்னி பழுதான ஆளுக்கு அதைத் துண்டு இல்லாமக் குடுக்கிறது அநியாயம், நானும் வார்ட்டில ஒவ்வொரு நாளும் அதோட மல்லுக்கட்டுறன். ஆனா அது பிழை எண்டதால இது சரியாகாது. இயற்கையான வேர் எண்ட உடன கிட்னிக்கு நல்லது எண்டு நினைக்காதேங்கோ. பெல்ஜியத்தில 1990களின்ர தொடக்கத்தில மெலியிறதுக்கு எண்டு சீன மூலிகைக் குளிசை குடிச்ச நூறு பேருக்கு மேல கிட்னி போனது, என்னெண்டு பாத்தா ஒரு வேருக்குப் பதிலா அரிஸ்டலோக்கியா இனத்து வேர் மாறி விழுந்திருக்கு. அதே இனம் தான் எங்கட ஈச்சுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும். வேருக்கு வேர் கண்ணால பாத்து வித்தியாசம் தெரியாது, தூளாக்கி எண்ணெயில போட்டாப் பிறகு கேக்கவே வேணாம்.

நொச்சியிலை:
நான் கைதடியில சித்த மருத்துவம் படிச்சு இப்ப கிளிநொச்சி மாவட்டத்தில வேலை செய்யிறன். என்ர பெயரை ஐயா ஒருக்கா நல்லதாச் சொன்னதுக்கு நன்றி :)

எங்கட பக்கத்து நியாயத்தையும் சொல்லோணும். சித்த மருத்துவத்தில கஞ்சா ஒளிச்சு வைக்கிற சாமான் இல்ல, கோரக்கர் மூலி, சித்தமூலி எண்டெல்லாம் பெயர் இருக்கு, சுத்தி செய்து தான் சேர்க்கோணும் எண்டு முறையும் இருக்கு. ஆனா சேர்க்கிறது பெரும்பாலும் இலை. லேகியம், மோதகம் எல்லாம் இலை தான். "கஞ்சா வேர் தனியா, மூட்டு வாதத்துக்கு, உள்ளுக்கு" எண்டு ஒரு முறையை எனக்கு ஆரும் படிப்பிக்கேல்ல. அந்த வியாபாரி "சித்தர் காலத்து மருந்து" எண்டா எந்தப் பாட்டு, எந்தச் சுவடி எண்டு கேளுங்கோ. பரராசசேகரம் எண்ட பழைய வைத்திய ஏட்டை வீட்டில வைச்சுக் கும்பிட்ட பரம்பரைப் பரியாரிமார் இருந்த இடம் இது, சும்மா சித்தர் எண்டு சொல்லிப்போட்டுப் போக ஏலாது.

அதுக்காக வேர் வெறும் குப்பை எண்டும் நான் சொல்லமாட்டன். பூச்சு மருந்தா, ஒத்தணமா, சோதிச்சுப் பாக்க வேண்டிய சாமான் தான். நேர்ஸ் அக்கா ஒரேயடியாத் தள்ளிவிடுறது எனக்குச் சரியாப் படேல்ல.

கெமிஸ்ட்ரி சேர்:
நான் வவுனியாவில ஏ.எல். பிள்ளையளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறன். உணர்ச்சியை ஒருக்கா ஓரமா வைச்சிட்டு உள்ளுக்க என்ன இருக்கு எண்டு பாப்பம்.

2020இல சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகையில செடியைத் துண்டு துண்டா அளந்து போட்டிருக்கினம். பூவில கன்னாபினொயிட், அதாவது வெறிக்கிற சாமானும் அதின்ர இனமும், 15 இல இருந்து 20 வீதம், இலையில 1 – 2 வீதம், வேரில 0.001 – 0.004 வீதம். அப்ப "வேர் வெறிக்காது" எண்டது உண்மை. வேரில கூட இருக்கிறது ட்ரைடர்பினொயிட், அதாவது பிரீடெலின், எப்பிபிரீடெலனோல் போன்றது, எல்லாம் சேர்த்து 0.13 – 0.24 வீதம். இந்த ரெண்டையும் 1971இலயே வேரில இருந்து பிரிச்சு எடுத்திட்டினம். பிறகு 1970களின்ர நடுவில கன்னாபிசட்டிவின் எண்டு ஒரு அல்கலொயிட்டும் பிடிபட்டது. 2017இல கஞ்சா ஆராய்ச்சிக்காரர் ஈதன் ரூசோவும் இன்னும் ரெண்டு பேரும் வேரைப் பற்றி இருந்த பழசு புதுசு எல்லாத்தையும் கூட்டி ஒரு கட்டுரை போட்டவை, வேருக்கு ஆதரவான கட்டுரை தான், அவையே மனிசரில சோதனை செய்து பாக்கோணும் எண்டு தான் எழுதினவை.

இப்ப கணக்கு. பிரீடெலின் வீக்கத்தைக் குறைக்கும் எண்டு காட்டினது ஆர் தெரியுமோ? சென்னை லயோலா கல்லூரி ஆக்கள், 2011இல. எலிக்கு உடம்பு நிறை கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் குடுத்துப் பாத்தவை. 60 கிலோ மனிசருக்கு அது 2400 மில்லிகிராம். 100 கிராம் காய்ஞ்ச வேரில ட்ரைடர்பினொயிட் எல்லாம் சேர்த்தே 130 – 240 மில்லிகிராம் தான். அப்ப ஒரு தரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல காய்ஞ்ச வேர் வேணும். 3500 ரூபாப் போத்திலுக்குள்ள எத்தினை கிராம் வேர் போட்டிருப்பார்?

நொச்சியிலை:
சேர், எலிக் கணக்கை மனிசருக்கு நேராப் பெருக்க ஏலாது. எலி டோஸை மனிசருக்கு மாத்தேக்க ஆறால பிரிக்கிறது வழக்கம்.

கெமிஸ்ட்ரி சேர்:
பிரியுங்கோ பிள்ளை. 400 மில்லிகிராம். அதுக்கும் 170 இல இருந்து 300 கிராம் வேர், ஒரு தரத்துக்கு. அதுவும் வேரில இருக்கிறது முழுக்க ஒரு துளி மிச்சமில்லாம எண்ணெயில இறங்கினா. போத்தில் 60 மில்லி. மிச்சத்தை நீங்களே பாருங்கோ.

இன்னொண்டு, பிளினி சொன்ன மாதிரி தண்ணியில அவிச்சா பிரீடெலின் அசையாது, அது தண்ணியில கரையாத சாமான், எண்ணெய் இல்லாட்டி அல்ககோல் வேணும். ஆனபடியா வேர்க் கசாயம் ஆருக்கும் சுகம் குடுத்தது எண்டா அது பிரீடெலினால இல்ல, வேற எதாலயோ. இல்லாட்டி சுடுதண்ணியின்ர சூட்டால.

ரொறன்ரோக்காரன்:
"வேற எதாலயோ" எண்டு நீங்களே சொல்லிட்டியள் சேர்! வேரில ஒரு சாமான் இல்ல, பத்துப் பதினைஞ்சு சாமான் இருக்கு, ஸ்டெரோல் இருக்கு, கார்வோன் இருக்கு, நீங்கள் சொன்ன அல்கலொயிட் இருக்கு. ஒண்டைத் தனியாப் பிரிச்சு எலிக்குக் குடுத்த கணக்கை வைச்சு முழு வேரையும் மட்டம் தட்டிறது எந்த ஊர் நியாயம்? முடக்கொத்தான் ரசம் குடிச்சு மூட்டு இளகின ஆக்களைக் கேளுங்கோ, அதில எந்தச் சாமான் எத்தினை மில்லிகிராம் எண்டு ஆருக்குத் தெரியும்.

கெமிஸ்ட்ரி சேர்:
முடக்கொத்தானைத் தலைமுறை தலைமுறையாச் சனம் கறியாயும் ரசமாயும் சாப்பிட்டு வந்திருக்கு. கஞ்சா வேர் அல்கலொயிட்டை அப்பிடி ஆர் சாப்பிட்டது? அந்த இனத்துச் சாமான் கூடினா ஈரலுக்குக் கூடாது எண்ட பயம் அந்த 2017 கட்டுரையிலயே இருக்கு. தண்ணியில இறங்கிறதும் அது தான். பிரயோசனமானது எண்ணெயில, பயப்பட வேண்டியது தண்ணியில. அதால தான் குடிக்கிற கதையை விடுங்கோ எண்டிறன்.

கோட்டுவாசல்:
சட்டப் பக்கத்தையும் ஒராள் சொல்லத்தானே வேணும். ரொறன்ரோ அண்ணை காட்டின அட்டவணை ஒட்டாவாவில தான் செல்லும், ஒட்டுசுட்டானில செல்லாது. இஞ்ச இருக்கிறது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம். அனுமதி இல்லாமச் செடி வளர்க்கிறதே குற்றம், செடி இல்லாம வேர் எங்கால வரும்? 1961 ஐ.நா. போதைப்பொருள் ஒற்றைச் சாசனத்தில கஞ்சா எண்டா பூ காய் பிடிச்ச நுனி தான் எண்டு இருக்கு, 2020 டிசம்பரில வியன்னாவில 27க்கு 25 எண்டு வாக்குப் போட்டு கடும் கட்டுப்பாட்டு நாலாம் அட்டவணையில இருந்து எடுத்தும் விட்டினம், உதையெல்லாம் வாசிச்சுப்போட்டு வந்து நீதவானுக்கு விளங்கப்படுத்தலாம் எண்டு நினைக்கிற ஆக்கள் தாராளமாச் செய்யுங்கோ, முதல் பதினாலு நாள் விளக்கமறியலில இருந்து யோசிக்கலாம். முதலாம் அட்டவணையில அது இப்பவும் இருக்கு, அதையும் சேர்த்து வாசியுங்கோ.

சித்த, ஆயுர்வேத வைத்தியருக்கு எண்டு ஆயுர்வேதத் திணைக்களம் ஊடா ஒரு வழி இருக்கு. மீரிகமவில வெளிநாட்டு முதலீட்டாளருக்கு 2025இல குடுத்த அனுமதி ஏற்றுமதிக்கு மட்டும். வைபர் வியாபாரிக்கு இந்த ரெண்டிலயும் இடமில்ல.

முதிரைக்கட்டை (நெடுங்கேணி):
வெள்ளைக்காரன் வந்து வளர்த்தா முதலீடு, நாங்கள் வளர்த்தா விளக்கமறியல். நல்ல சட்டம்.

கோட்டுவாசல்:
ஐயா அதில எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்ல.

குளக்கட்டு (முத்தையன்கட்டு):
எல்லாரும் ஆராய்ச்சி செய்யிறியள், ஒருத்தரும் ஒரு சின்னக் கேள்வி கேக்கேல்ல. அந்த ஆளுக்கு வேர் எங்கால வருது? எங்கட பக்கம் பிடிபடுறது முழுக்க கேரளக் கஞ்சா, மன்னாராலயோ முல்லைத்தீவாலயோ வள்ளத்தில வாறது. நான் கடற்கரையில கிடந்ததைக் கண்டிருக்கிறன், பொலித்தீனில இறுக்கிச் சுத்தி மேலால பிறவுன் டேப் ஒட்டின பார்சல், செங்கல்லு மாதிரி இருக்கும், உள்ளுக்க அமத்தின காய்ஞ்ச பூவும் விதையும் காம்பும். வேர் ஒரு முடி கூட இருக்காது, கடலால கொண்டு வாறவன் பாரத்துக்கு வேரைக் கட்டிக்கொண்டு வருவானோ? வேரோட செடி வேணுமெண்டா தெற்கில தணமல்வில பக்கம் காட்டுச் சேனையில களவா வளர்க்கிறவனிட்டப் போகோணும். அங்க இருந்து ஏ9ஆல, செக்பொயின்ற் எல்லாம் தாண்டி, ஆரும் வேர் மூட்டை கொண்டு வாறானோ? வந்தாலும் 3500க்கு விக்கக் கட்டாது.

அப்ப போத்திலுக்குள்ள ஒண்டில் வேர் இல்ல, இல்லாட்டி வேர் எண்டு சொல்லிப் பூவை ஊறப்போட்டு விக்கிறான். பூவெண்டா அரைக் கரண்டியில கிழவிக்குத் தலை சுத்தும்.

நைட்டியூட்டி:
குளக்கட்டு அண்ணை, இதைத் தான் நான் சொல்ல வந்தனான். மூண்டாவது ஒண்டும் இருக்கு. போன வருசம் ஒரு அம்மாவைக் கொண்டு வந்தவை, முகம் பூரணச் சந்திரன் மாதிரி ஊதி, கன்னம் சிவந்து, கை கால் மட்டும் மெலிஞ்சு, தோலைத் தொட்டா நீலம் பாரிக்குது. மூட்டு வாதத்துக்கு எண்டு ஒரு நாட்டு மருந்துத் தூள் மாதக்கணக்கில குடிச்சிருக்கிறா, "அந்த மாதிரி வேலை செய்தது" எண்டு மகள் சொல்லுறா. வேலை செய்யாம? உள்ளுக்க ஸ்டெரொயிட். காசு முடிஞ்சு திடீரெண்டு நிப்பாட்டின உடன பிரசர் விழுந்து, சுகர் விழுந்து, மயங்கிப்போய் வந்தவ. பாலைப்பழம், உந்த எண்ணெயைப் பூசின அண்டே வலி மாயமாப் போனா சந்தோசப்படாதேங்கோ, பயப்படுங்கோ.

பாலைப்பழம் (மல்லாவி):
எல்லாருக்கும் நன்றி. அண்டைக்கே பக்கத்து வீட்டு அன்ரி வாங்கின போத்திலைப் போய்ப் பாத்தன். இருமல் சிரப் போத்தில், மண்ணிறம், பழைய லேபிளைச் சுரண்டினாலும் மூலையில பசை ஒட்டியிருக்கு. மூடியைத் திறந்தா கற்பூரமும் சித்தாலேப பாம் மாதிரி ஒரு வாசமும், அடியில பச்சைக் கறுப்பா ஒரு மண்டி. வேர் எண்டா மண்ணிறமா இருக்கோணும் எண்டு எனக்கே விளங்குது, பச்சை ஏன் வருது? ஆளுக்கு மெசேஜ் போட்டன், காய்ஞ்ச வேர் ஒரு துண்டு படம் எடுத்து அனுப்புங்கோ, எந்தப் பாட்டில இருக்கு எண்டும் சொல்லுங்கோ எண்டு. "நம்பிக்கை இல்லாத ஆக்களுக்கு மருந்து பலிக்காது" எண்டு ஒரு வொய்ஸ், அதோட குரூப்பில இருந்து என்னைத் தூக்கியாச்சு.

ரொறன்ரோக்காரன்:
அவன் கள்ளன், சரி. அது வேரின்ர குற்றமோ? பச்சை எண்டா இலைச்சாறு, நானும் ஒத்துக்கொள்ளுறன். ஆனா கள்ளன் ஒருத்தன் வித்ததால வேரே பொய் எண்டு இந்தத் திரியை முடிச்சுப் போட்டுப் போகாதேங்கோ. என்ர வளவில நான் வளர்த்து நான் காய்ச்சினதை நான் பூசுறன், எனக்கு வலி குறையுது. அதுக்கு ஆர் என்ன கணக்குக் காட்டினாலும் என்ர முழங்கால் எனக்குத் தெரியும்.

கெமிஸ்ட்ரி சேர்:
அண்ணை, உங்கட முழங்காலோட நான் வழக்குப் பேச வரேல்ல. சூடான எண்ணெயைப் போட்டு ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் தேய்ச்சா தனி நல்லெண்ணெய்க்கும் வலி குறையும். ஒரு முழங்காலுக்கு வேர் எண்ணெயும் மற்ற முழங்காலுக்கு வெறும் எண்ணெயும், எது எது எண்டு தெரியாம வீட்டுக்காரியைக் கொண்டு பூசிப் பாருங்கோ, பிறகு வந்து சொல்லுங்கோ.

மற்றது மண். உங்கட வளவு மண்ணுக்கும் எங்கட மண்ணுக்கும் வித்தியாசம் இருக்கு. இந்தச் செடி மண்ணில இருக்கிற காட்மியம், ஈயம் எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கிற செடி, அந்த உறிஞ்சுற குணத்துக்காகவே 1998இல அணுவுலை வெடிச்ச செர்னோபில் பக்கம் கதிர்வீச்சு மண்ணில நட்டுப் பாத்தவை. உறிஞ்சினதில கன பங்கு வேரில தான் தங்கும். இஞ்ச செல்லும் ரவையும் விழுந்த மண், அதுக்கு மேல வருசக்கணக்கா உரமும் களைகொல்லியும். பூவைச் சோதிக்கிறதை விட வேரைத் தான் முதல்ல சோதிக்கோணும், ஆனா வேரை ஒருத்தரும் சோதிக்கிறேல்ல.

ரொறன்ரோக்காரன்:
வீட்டுக்காரியைக் கொண்டு முழங்காலுக்கு எண்ணெய் பூசுவிக்கலாம் எண்டு நினைக்கிற ஆள் கலியாணம் கட்டேல்லப் போல.

நொச்சியிலை:
சிரிச்சுப்போட்டன். சேர் சொன்ன லயோலா ஆராய்ச்சியில ஒரு விசயத்தை ஒருத்தரும் கவனிக்கேல்ல. அவை பிரீடெலினைக் கஞ்சாவில இருந்து எடுக்கேல்ல, முட்சங்கில இருந்து எடுத்தவை, எங்கட பக்கம் சிலபேர் இயங்கு எண்டும் சொல்லுவினம். வேலியோரம் நிக்கும், ஒரு கணுவில நாலு முள்ளு, வெள்ளைச் சின்னப் பழம். வாதத்துக்குச் சித்த மருத்துவத்தில ஏற்கனவே இருக்கிற மூலிகை. பிரீடெலின் போத்தில் மூடிக்கு வெட்டுற கோர்க் மரத்திலயும் இருக்கு, அது கஞ்சாவின்ர தனிச்சொத்து இல்ல. அப்ப வேர் வேணும் வேர் எண்டு தணமல்விலவுக்கும் விளக்கமறியலுக்கும் இடையில ஓடித் திரியிறதை விட, வேலியில நிக்கிறதை ஒழுங்காப் பாக்கலாம்.

ஆனா நேர்ஸ் அக்காவுக்கும் ஒண்டு சொல்லுறன். கஞ்சா வேரை ஆராய வேணாம் எண்டு நான் சொல்லேல்ல. திணைக்களத்தால அனுமதி எடுத்து, நல்ல மண்ணில வளர்த்து, பூச்சு மருந்தாக் கைதடியில சோதிக்கக் குடுத்தா முதல் ஆளா நான் போவன். நீதிமன்றங்களில அழிக்கக் குடுக்கிற கஞ்சாவுக்குக் குறைவில்ல, ஆனா அதில வேர் இல்லையே, குளக்கட்டு அண்ணை சொன்ன மாதிரி.

நைட்டியூட்டி:
அனுமதியோட, சோதிச்சு, பூச மட்டும் எண்டா எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. நான் சண்டை பிடிச்சது அரைக் கரண்டியோட.

முதிரைக்கட்டை (நெடுங்கேணி):
நீங்கள் அனுமதி எடுத்து, செடி வளர்த்து, கிடங்கு கிண்டி வேர் எடுத்து, எலிக்குக் குடுத்து, பிறகு ஆறால பிரிச்சு முடிக்கிறதுக்கிடையில எனக்கு ரெண்டு காலும் போயிடும். முட்சங்கு எங்கட குளக்கட்டில எக்கச்சக்கம் நிக்குது பிள்ளை, முள்ளுக் குத்தி ஆடு கூடக் கிட்டப் போகாது. அதை எப்பிடிச் செய்யிறது எண்டு சொல்லு.

நொச்சியிலை:
ஐயா, இதில எழுதமாட்டன், எழுதினா நாளைக்கு அதையும் ஒராள் போத்திலில போட்டு விப்பான். செவ்வாய்க்கிழமை காலமை கிளினிக்குக்கு வாங்கோ, காலைப் பாத்திட்டுத் தான் சொல்லுவன். கிட்னிக்குப் பாக்கிற கிரியேட்டினின் ரிப்போட் இருந்தா மறக்காமக் கொண்டு வாங்கோ, இப்ப போடுற குளிசை எல்லாம் உறையோட.

முதிரைக்கட்டை (நெடுங்கேணி):
ரிப்போட் எல்லாம் மனுசியின்ர பெட்டிக்குள்ள. டைக்குளோபினாக் போடுறது அவவுக்குத் தெரியாது, அதை மட்டும் அங்க வைச்சுச் சொல்லிப்போடாத.